கடைக்கு மேலே ஒரு வானொலி

எட்மண்டன், லண்டன்
புதன்கிழமை பின்னேரம்

அன்புள்ள கனகாம்பிகைக்கு,

நானும் ஜெனோஜாவும் இங்கே சுகம். உம்முடைய பிரஷர் இறங்கியதும், எங்கள் மகள் கஜந்தினி பிள்ளை பெற்று எழும்பி நடப்பதும், பேரனுக்கு மஞ்சட்காமாலை குறைந்ததும் கேட்டு மனம் ஆறியது. ஆனால் ரெலிபோனில் நான் உமக்குச் சொன்னதெல்லாம் முழுச் செய்தி இல்லை. நீர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குழந்தையின் உடுப்பு மடிக்கிறீர். நடுவில் மருமகன் பிரவீணன் சுகம் விசாரிக்கிறார். பின்னால் அவருடைய தாயார் இருமுகிறா. அந்தச் சபைக்குள் நான் எதைச் சொல்ல? அதுதான் கடிதம். எங்கள் கடைக்கு வருகிற பெனிற்றா திங்கட்கிழமை தமக்கை வீட்டுக் கலியாணத்துக்கு ரொறன்ரோ போகிறா. வேறு ஆரிடமும் கொடாமல் உம்முடைய கையிலேயே தருவா. அறைக்குள் போய்த் தனியே இருந்து வாசியும். வாசித்ததும் கிழித்துவிடும்.

கடை ஷட்டருக்குப் புதுப் பெயின்ற் அடித்தேன் என்று சொன்னேன் அல்லவா, அது வடிவுக்காக அடித்ததில்லை. விடிய வந்து பார்த்தபோது ஆரோ அதில் பெரிய எழுத்தில் தூஷணம் எழுதியிருந்தார்கள். எங்களுக்கு எழுதியதில்லை. மேல்மாடியில் இருக்கிற அந்த இரண்டு பெண்களுக்கு எழுதியது. ஆனால் ஷட்டர் எங்களுடையதுதானே.

மேல்மாடியை டெனிசுக்கும் அபெனாவுக்கும் வாடகைக்குக் கொடுத்தது உமக்கு அப்போதே பிடிக்கவில்லை. கறுப்பினப் பெண்கள், பாட்டும் கூத்துமாக இருக்கும் என்றீர். உம்முடைய தங்கச்சி சொன்ன சொல்லை நான் இங்கே எழுதமாட்டேன். நீர் அவர்களோடு நின்று கதைத்ததில்லை, அதனால் சொல்லுகிறேன். டெனிசுக்கு எங்களுடைய வயது இருக்கும். ஜமேக்காவில் இருந்து வந்தவர்களின் மகள். பிறந்தது வளர்ந்தது ரொட்டன்ஹாமில். முதுகு நோவு வரும்வரை பஸ் ஓட்டினவ. பதினேழு வயதில் இளைஞர் மன்றத்து மேடையில் ராப் சொல்லிப் பெயர் எடுத்தவவாம். இசைத்தட்டுக் கொம்பனிக்காரன் கூப்பிட்டு, சத்தம் கூட, உடம்பும் கூட, இரண்டையும் குறைத்துக்கொண்டு வா என்றானாம். அவ திரும்பிப் போகவில்லை. அபெனா கானாக்காரரின் பிள்ளை, இளம் பெண், ஓர் இசைப் பத்திரிகையில் நிருபராக இருந்தவ. ஹிப்ஹொப் செய்கிற பெண்களைப் பற்றி எழுதிக்கொண்டு போனால், அதை மார்ச் மாதத்துப் பெண்கள் இதழுக்கு வைத்திரு என்று ஆசிரியர் சொல்லுவாராம். ஒவ்வொரு வருஷமும் அதே மார்ச். கடைசியில் வேலையை விட்டுவிட்டா.

இரண்டு பேருமாகத் தொடங்கியதுதான் இந்த இணைய வானொலி. ‘லவுட் அன்ரீஸ்’ என்று பெயர். சத்தமான அன்ரிமார். சத்தம் கூட என்று சொன்னவனுக்குப் பதில் அதுதான் என்று டெனிஸ் சிரித்தா. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு ராப் பாடகியைக் கூப்பிட்டு, அவவுடைய வேலையை முதலில் இருந்து கடைசிவரை கேட்டுக் கொண்டாடுவார்கள். உம்முடைய காதலன் ஆர், உடுப்பு ஏன் இப்படி என்ற கேள்வியெல்லாம் அங்கே இல்லை. முப்பது வருஷத்துக்கு முன் மைக் பிடித்துவிட்டு இப்போது ஆஸ்பத்திரித் தாதியாகவும் ரீச்சராகவும் இருக்கிற பெண்களைத் தேடிப் பிடித்து, பரணில் கிடக்கிற கசெற்றுகளை வாங்கித் துடைத்து ஒலிபரப்புவார்கள். துடைத்துச் சுத்தமாக்கிற வேலை எங்களுடைய பிள்ளை ஜெனோஜாவுடையது. சவுண்ட் மேசையில் இருந்தால் அவளுக்குப் பசியும் தெரியாது.

போன மாதம் கெசாயா என்று ஓர் இளம் பாடகி வந்தா. பாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவ, திடீரென்று வேறொன்றைச் சொன்னா. கோடையில் பெரிய இசைவிழா நடத்துகிற ஒருவர் இருக்கிறார். பெயரை நான் எழுதவில்லை, அவ சொன்னா. மேடையில் இடம் வேணும் என்றால் முதலில் தன்னுடைய ஹோட்டல் அறைக்கு வா என்பாராம். மாட்டேன் என்றவுடன் அவவின் பெயர் எல்லா மேடையிலும் வெட்டுப்பட்டதாம். டெனிஸ் அதை நிறுத்தவில்லை. முழுவதும் சொல்லவிட்டா.

அதற்குப் பிறகுதான் எல்லாம். அவருடைய வக்கீலிடமிருந்து அவர்களுக்குக் கடிதம். கட்டிட உரிமையாளன் என்று எனக்கும் ஒரு பிரதி. பிறகு ஷட்டர். பிறகு ஆரோ கடையின் படத்தை இன்ரநெற்றில் போட்டு, இங்கேதான் இருக்கிறார்கள் என்று எழுதினார்கள். கடை ரெலிபோன் அடிக்கும். எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கும். எதிரே குதிரைப் பந்தயம் கட்டுகிற பெற்றிங் கடை வாசலில் ஒரு கறுத்தக் கார் வந்து நிற்கும். உள்ளே இரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு எங்களுடைய மேல்மாடிப் படியைப் பார்ப்பார்கள். அந்தப் படியால்தான் ஜெனோஜா ஏறி இறங்குகிறாள்.

நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று உமக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் நான் அச்சுக்கூடத்தில் நின்றபோது, முதலாளி ஒரு துண்டுப்பிரசுரம் அடித்துக் கொடுத்தார். சைக்கிளில் இரண்டு பேர் வந்து, “ஐயா, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ” என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். அவர் சேட்டுக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டே போனார். அவ்வளவுதான். பேசுகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

பாலசுப்பிரமணியன் அண்ணையிடம் யோசனை கேட்டேன். எங்களுடைய கணக்கைப் பார்க்கிறவர், நாலும் தெரிந்தவர். “உமக்கு உது தேவையில்லாத வேலை, ஞானம். நோட்டீஸ் குடுத்து எழுப்பிவிடும். பெட்டையையும் அங்க போகாமல் மறியும்” என்றார். நோட்டீசையும் அவரே அடித்துத் தந்தார். ஜெனோஜாவிடம் கொஞ்ச நாளைக்கு மேலே போகாமல் நில் பிள்ளை என்று சொல்லிப் பார்த்தேன். “ஏலாதப்பா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ஆட்கள் வருகிறார்கள். மிச்சம் பிறகு எழுதுகிறேன். மிச்சத்தை எழுதத்தான் இதைத் தொடங்கினேன்.

வியாழன் காலை

போன வெள்ளிக்கிழமை நோட்டீசைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு மேலே போனேன். நிகழ்ச்சி தொடங்க முன்னம் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேணும் என்று நினைத்தேன். அபெனா ஏணியில் நின்று சுவரில் படங்கள் ஒட்டிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும், மிஸ்டர் ஞானம், ஏணியைக் கொஞ்சம் பிடியுங்கள் என்றா. பிடித்தேன். எல்லாம் பெண்களின் படம். அமெரிக்காவில் பொடியன்கள் மைக் கொடாத காலத்தில் பறித்துப் பாடினவ, இங்கே தென் லண்டனில் பாடிவிட்டு மருத்துவிச்சியாகப் போனவ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஒட்டினா. பெரிய காதுவளையத்தோடு ஒரு மெல்லிய பிள்ளை மேடையில் நிற்கிற படம் ஒன்று. இது ஆர் என்று கேட்டேன். டெனிஸ் என்றா. நம்ப ஏலாமல் இருந்தது. ஏணியைப் பிடித்த கையால் நோட்டீசை எடுக்க முடியவில்லை. அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் இறங்கி வந்தேன்.

பிரச்சினை தொடங்கிய நாள் முதல் கடையில் அவர்களுடைய வானொலியைப் போட்டுவிடுவேன். விருப்பத்தில் இல்லை. அடுத்து ஆரைக் கோபப்படுத்துகிறார்கள் என்று தெரிந்திருக்கத்தான். அன்றைக்கு ஒரு பெண் போன் எடுத்து, கெசாயா சொன்னது எனக்கும் நடந்தது என்றா. பிறகு இன்னொருத்தி. பிறகு டெனிஸ், நேரில் பேச விரும்பாத ஒருவர் பதிந்து தந்தது எங்களிடம் இருக்கிறது, குரலை மாற்றியிருக்கிறோம் என்று சொன்னா.

குரல் ஆம்பிளைக் குரல் மாதிரித் தடிப்பாக வந்தது. இங்கிலிசில்தான் சொன்னது. நான் எங்களுடைய பாஷையில் எழுதுகிறேன். “நான் பாடுற ஆள் இல்லை, சவுண்ட் படிச்சனான். அந்த விழா நடத்துறவருடைய ஸ்ரூடியோவில பயிற்சிக்குப் போனனான். ஒருநாள் சவுண்ட் செக் எண்டு வரச்சொல்லிப்போட்டுக் கதவைப் பூட்டினார். மிச்சத்தைப் பொலிசுக்குச் சொல்லுவன், உங்களுக்கில்லை” என்றது. கறிவேப்பிலை வாங்க வந்த ஒரு அம்மாவுக்கு நான் நிறுத்துக்கொண்டு நின்றேன். குரல் பிறகு சொன்னது: “அந்த மாரிக்குளிர் முழுக்க அறைக் கதவுக்குக் கதிரையை முட்டுக்குடுத்திட்டுத்தான் படுப்பன். அப்பா கதவுப் பூட்டுப் பழுதெண்டு நினைச்சார். ஒண்டும் கேக்கேல்லை. ஒரு சனிக்கிழமை புதுப் பூட்டு வாங்கிக்கொண்டு வந்து போட்டுத் தந்தார். அண்டைக்குத்தான் நான் நித்திரை கொண்டனான்.”

கனகம், அந்தப் பூட்டை நான்தான் போட்டேன்.

உமக்கும் நினைவிருக்கும். ஜெனோஜா இரண்டாம் வருஷம் படிக்கும்போது, ஒரு மாரி முழுக்க அறைக்குள் கிடந்தாளே. இரத்தம் குறைவு என்று நீர் இரும்புச் சத்துப் பாணி கொடுத்தீர். கோவிலில் அர்ச்சனை செய்தோம். பார்மசி படித்திருக்கலாம் என்று உம்முடைய தங்கச்சி வந்து சொல்லிவிட்டுப் போனா. அந்த மாரிதான்.

அந்த அம்மா, தம்பி, இது காணும் என்று சொன்னபிறகுதான் தராசு வழிய வழியக் கறிவேப்பிலை கிடந்ததைக் கண்டேன். கடையை அப்படியே விட்டுவிட்டுப் படிவரை ஓடினேன். பாதிப் படியில் நின்றேன். அவள் மேலே மேசையில் இருக்கிறாள். தன்னுடைய குரலைத் தானே மாற்றி, தானே பொத்தானை அழுத்தி ஒலிக்கவிட்டிருக்கிறாள். நான் போய் என்ன சொல்ல? டெனிஸ் வெளியே வந்தா. என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டுப் படியில் எனக்குப் பக்கத்தில் இருந்துவிட்டா. கடையில் வானொலி போடுகிறது அவவுக்குத் தெரியாதாம். பிறகு, ஜெனோஜா எங்களுக்குச் சொல்லவே ஒரு வருஷம் எடுத்தது, நாங்களும் அவவை ஒன்றும் கேட்கவில்லை என்றா. அடுத்த கிழமை நிகழ்ச்சியில் அவனைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது, நாங்கள் அவனுக்காக வானொலி தொடங்கவில்லை, எங்களுடைய பெண்களுக்காகத் தொடங்கினோம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா.

நோட்டீசை நான் கொடுக்கவில்லை. பாலசுப்பிரமணியன் அண்ணைக்குப் போன் எடுத்து, அவர்கள் இருக்கட்டும் என்றேன். “உமக்கென்ன விசரோ?” என்று கேட்டார். ஓம் என்று வைத்துவிட்டேன்.

கேட்காமல் பூட்டுப் போட்டது சரியோ, அன்றைக்கே இருத்திக் கேட்டிருக்க வேணுமோ என்று ஒரு கிழமையாக யோசிக்கிறேன். எனக்குத் தெரியும் என்பது இன்னும் அவளுக்குத் தெரியாது. சாப்பாடு போட்டுக் கொடுக்கிறேன், சாப்பிடுகிறாள். அவள் கோப்பையைக் கழுவுகிற சத்தம் நிற்கும்வரை நான் அடுப்படி வாசலிலேயே நிற்கிறேன்.

இன்னொரு கரைச்சல். பழைய பாடகிகள் எல்லாரையும் கூப்பிட்டுக் கௌரவிக்க இந்தச் சனிக்கிழமை ஒரு விழா வைத்திருந்தார்கள். மண்டபக்காரர் செவ்வாய்க்கிழமை போன் எடுத்து இடம் இல்லை என்றுவிட்டார்களாம். காரணம் சொல்லவில்லை. அபெனா படியில் இருந்து அழுததை நான் கண்டேன். அப்போது வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். கடையில் வையுங்கள் என்றேன். சொல்லிவிட்டு வந்து கதவுக் கண்ணாடிகளை எண்ணிப் பார்க்கிறேன், கல் எறிந்தால் எது முதலில் உடையும் என்று.

ஞாயிறு காலை

ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நேற்று மத்தியானத்தோடு கடையை மூடி, அரிசி மூட்டைகளைச் சுவரோரமாக அடுக்கினோம். மரக்கறித் தட்டுகளைப் பின்னுக்குக் கொண்டுபோனோம். பணம் வாங்குகிற மேசையில் ஜெனோஜா தன்னுடைய பெட்டிகளை வைத்து வயர் இழுத்தாள். படங்களை எல்லாம் இறக்கி வந்து குளிர்பெட்டிக் கண்ணாடிகளில் ஒட்டினார்கள். வருகிறவர்களுக்குச் சாப்பிட நான் ரோல்சும் பற்றிசும் வாங்கி வைத்தேன். கறுத்தக் கார் வழக்கமான இடத்தில் வந்து நின்றது. பொலிசுக்கு நம்பர் அழுத்தத் தயாராகப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். நேரம் போகப் போகப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். கோயிலுக்கு வருகிறமாதிரி உடுத்துக்கொண்டு, பொல்லு ஊன்றிக்கொண்டு, பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு. வரிசை தபால் கந்தோர் வரைக்கும் போனது. அவ்வளவு பெண்கள் நடைபாதையில் நின்று சிரித்துக் கதைக்கிறபோது, அந்தக் காருக்குள் இருந்தவர்கள் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை போலும். போய்விட்டார்கள். ஆனாலும் நான் கதவை விட்டு நகரவில்லை. உள்ளே ஒரு பலூன் வெடித்ததற்குக்கூட நான் குனிந்துவிட்டேன்.

வானொலி கேட்கிற ஒரு பெண் வக்கீல் தானாகவே வந்து அவர்களுக்கு உதவுகிறா. கட்டிட உரிமையாளனுக்கு வந்த கடிதம் வெறும் வெருட்டு என்று என்னிடம் சொன்னா. அவ பதில் எழுதிய பிறகு அந்தப் பக்கத்தில் இருந்து சத்தமில்லையாம். கெசாயாவும் போனில் சொன்ன மற்ற இருவரும் பொலிசில் வாக்குமூலம் கொடுத்துவிட்டார்கள். இது முடிய வருஷக்கணக்காகலாம், முடியாமலும் போகலாம் என்றும் சொன்னா. அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

டெனிஸ் கடைசியாக எழும்பினா. முப்பது வருஷத்துக்கு மேலாக மேடை ஏறாதவ. விடிய முன்னம் கந்தோர்களைக் கூட்டித் துடைத்த தன் தாயைப் பற்றி ராப் சொன்னா. முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாம் வரியில் நடுக்கம் இல்லை. அந்த வேகத்தில் எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் வாளியும் தும்புத்தடியும் முதல் பஸ்சும் விளங்கியது. நான் வந்த புதிதில் செய்ததும் அந்த வேலைதானே. நான் அழவில்லை, ஆனால் அரிசி மூட்டையில் இருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா.

பிறகு அபெனா பெயர்களை வாசித்தா. தொடக்க காலத்தில் இருந்து லண்டனில் ஹிப்ஹொப் செய்த பெண்கள் எல்லாரும். ஒவ்வொரு பெயருக்கும் கடை அதிரக் கத்தினார்கள். கடைசியில், இன்னும் ஒருவர் இருக்கிறா, அவவின் பெயர் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, அவ இல்லாவிட்டால் உங்களில் ஒருவரையும் உலகம் கேட்டிருக்காது என்றா. எல்லாரும் முன்னையதைவிடப் பலமாகக் கத்தினார்கள். ஜெனோஜா தலையைக் குனிந்து ஏதோ பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

நானும் கத்தினேன், கனகம். கதவடியில் நின்று, தொண்டை நோகக் கத்தினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். பிறகு அந்த மேசைக்குள் திரும்பவும் குனிந்துவிட்டாள்.

இன்று காலை நான் மூட்டைகளைத் திரும்ப இடத்தில் வைத்துக்கொண்டிருந்தபோது வந்து ஒரு மூட்டையின் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். “அப்பா, வாற செவ்வாய் இல்லை, அதுக்கடுத்த செவ்வாய் என்னை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஏலுமோ?” என்றாள். பொலிசுக்குத்தான் என்று விளங்கியது. ஓம் பிள்ளை என்றேன். “கனநேரம் செல்லும்” என்றாள். செல்லட்டும் என்றேன். “அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்கோ. எனக்கு இன்னொருக்காச் சொல்ல ஏலாது” என்றாள். அவ்வளவுதான் கதைத்தோம். அவள் சொன்னபடி நான் உமக்குச் சொல்லிவிட்டேன்.

இனி நான் கேட்கப்போவதை நீர் மறுக்கக்கூடாது. ரிக்கெற்றை மாற்றிக்கொண்டு அந்தச் செவ்வாய்க்கு முன்னம் வந்துவிடும். கஜந்தினியிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லும். பிள்ளையைப் பார்க்கப் பிரவீணனின் தாயார் இருக்கிறா. ஏன் அவசரம் என்று கேட்டால் எனக்குப் பிரஷர் கூடிவிட்டது என்று சொல்லும். அது பொய்யும் இல்லை. ஜெனோஜாவுக்கு இப்போது போன் எடுக்காதேயும். வந்தபிறகும் அவளாகச் சொல்லும்வரை ஒன்றும் கேளாதேயும். ஹீத்றோவில் அவளைக் கண்டதும் அழாதேயும். அழுகை வந்தால் பயணக் களைப்பு என்று என் தோளில் சாய்ந்து அழும்.

பேரனுக்கும் கஜந்தினிக்கும் பிரவீணனுக்கும் என்னுடைய ஆசீர்வாதம். குறையொன்றுமில்லாமல், ஆருக்கும் பயப்படாமல் அந்தக் குழந்தை வளரட்டும். மேல்மாடியில் இருக்கிற அந்த இரண்டு பெண்களையும் நீர் கும்பிடுகிற தெய்வம் காக்கட்டும். அவர்களுக்காகவும் ஒரு விளக்குக் கொளுத்தும்.

அன்றைக்குக் காரை நான் ஓட்டிவிடுவேன். பின்சீற்றில் அவளுக்குப் பக்கத்தில் இருக்க எனக்கு ஓராள் வேணும். வாரும்.

உம்முடைய
ஞானேஸ்வரன்